மூடிய பானட்டுக்குள் ஓர் இஞ்சின்

சிறுவயதில் கார் கிட் பொருத்தியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே பாட்டுதான்: பசை வாசனை, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கர், பெயிண்ட் காயும்வரை கை வைக்காமல் பட்ட அவஸ்தை. "அதெல்லாம் ஒரு காலம்லா" என்று முடிப்பார்கள். சரி, அந்தக் காலத்தோடு நாம் இழந்தது எதை?

காரை என்று சொல்ல முடியாது. 24இல் 1 பங்கு அளவில், சுமார் 18 சென்டிமீட்டர் நீளத்தில், வர்ணம் பூசி முடித்த உலோகக் கார் இன்று கடையிலேயே கிடைக்கிறது. நம் கை பூசியதைவிட அது அழகு. படைப்பின் சுகமா என்றால் அதுவும் சந்தேகம். ஒவ்வொரு துண்டுக்கும் எண் உண்டு. எதை எதோடு ஒட்டுவது என்று தாளில் படம் உண்டு. அதே பெட்டியை வாங்கிய எல்லாருக்கும் அதே கார்தான்.

எனக்குப் படுவது வேறு. சில கிட்களில் இஞ்சினும் வரும். பெல்ட்டுக்குக் கறுப்பு, பிளாக்குக்கு வெள்ளி என்று பல்குச்சி முனையால் பூசுவோம். பிறகு மேலே பாடியை மாட்டி பானட்டை மூடிவிடுவோம். யார் திறந்து பார்ப்பார்கள்? மதிப்பெண் கிடையாது, மேற்பார்வையாளர் கிடையாது. ஆனாலும் பூசினோம். உள்ளே அது ஒழுங்காக இருக்கிறது என்று நமக்குத் தெரிந்தால் போதும்.

1976இல் வந்த போர்ஷே 934 மாடலுக்காக ஜப்பானின் தாமியா நிறுவனம் நிஜ போர்ஷே 911 ஒன்றை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்தது. வெளித்தோற்றம் மட்டும் போதும் என்றால் அவ்வளவு கழற்றத் தேவையில்லை.

பொறியியல் வேலையிலும் மறைந்துபோகிறவைதான் அதிகம்: கான்கிரீட்டுக்குள் கம்பி, சீலிங்குக்கு மேல் ஒயர். அங்கே படிவம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. இருக்கவும் வேண்டும், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் கொஞ்ச வருஷத்தில் "சரியா இருக்கா?" என்ற கேள்வி, "டிக் போட்டாச்சா?" என்று ஆகிவிடுகிறது.

சிறுவனுக்குக் கெடு இல்லை, வீட்டுக் கடன் இல்லை, கிட்டுக்குக் காசு கொடுத்தது அப்பா. அந்த நேர்மைக்கு அவன் விலையே கொடுக்கவில்லை என்று வாதிடலாம். உண்மைதான். அதற்காக அது பொய்யாகிவிடாது. யாரும் கண்காணிக்கத் தொடங்குவதற்கு முன்பே அக்கறை நமக்குள் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

ஏக்கம் தீரப் பலர் கிட் வாங்கி, பிரிக்காமலேயே அலமாரியில் அடுக்குகிறார்கள். அடுக்கட்டும். நான் சொல்லும் இழப்பை அந்தப் பெட்டிகள் ஈடுகட்டாது. அதற்கு, சீலிங் பலகையை மூடுவதற்கு முன், கையெழுத்துப் போட்ட பிறகும், இன்னொரு தடவை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.