பேயா, பிழையா?

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு விடுமுறையில் வந்திருந்த அண்ணன் மகள் மடிக்கணினியில் ‘நெட்ஹேக்’ ஆடிக்கொண்டிருந்தாள். 1987இல் வெளியான விளையாட்டு. திரையில் எழுத்துகளும் குறிகளும்தான். பாதாள அறைகளில் தளம் தளமாக இறங்கவேண்டும், எதிர்ப்படும் பேய் பூதங்களை வெல்லவேண்டும். செத்தால் மறுபடி முதலிலிருந்து.

மெடூசா இருக்கும் தளத்தில் செத்துப்போனாள். “இது அநியாயம், புகார் எழுதிப் போடு” என்றேன்.

“இல்லீங்க அத்தை. மெடூசாவை நேராப் பாத்தா கல்லாயிருவோம். கண்ணைக் கட்டிக்கோணும், இல்லாட்டி கண்ணாடியக் காட்டோணும். தெரிஞ்சும் மறந்துட்டேன், என் தப்பு. நான் எல்லாம் சரியாச் செஞ்சும் கேம் என்னைக் கொன்னா, அதுதான் பக். அதைத்தான் எழுதிப் போடுவோம். செஞ்சவங்க சரிபண்ணுவாங்க.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேயை ஆடுகிறவர் வெல்லவேண்டும். பிழையை ஆக்கியவர் திருத்தவேண்டும். பொறுப்பு யாருடையது என்ற இந்தச் சின்னப் பாகுபாடு எங்களுக்கு ஏன் கிடைக்காமல் போனது?

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த கல்லூரியில் மூத்த பேராசிரியர் ஒருவர் தோளில் கைவைத்துத்தான் பேசுவார். துறையில் சொன்னேன். “அவர் அப்படித்தான், நீதான் சூதானமா இருந்துக்கணும்” என்றார்கள். இருந்துகொண்டேன். அவர் இருக்கும் நேரத்தில் நூலகம் போகாமல், தனியாகப் படியேறாமல், கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதைத் திறமை என்றே நம்பினேன். பத்தாண்டு கழித்து ஒரு மாணவி இதே போன்ற ஒன்றைச் சொல்லி என்முன் அழுதபோது, அந்தத் திறமையைத்தான் அவளுக்கும் கற்றுக்கொடுத்தேன். அடுத்த பருவத்தில் அவள் வகுப்பில் இல்லை. இதை எழுதக் கூசுகிறது.

எங்கள் தெருவில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டது, எல்லாத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டறோம். சூப்பர்வைசர் வாயில வர்றதுக்கு எங்க கண்ணு ஒட்டறது?” துணியின் பிழையைக் கண்டுபிடிக்கச் சம்பளம் தரப்படும் அதே கண்கள், இடத்தின் பிழையைக் கண்டுபிடித்தால் மட்டும் ‘ரொம்பப் பேசறவ’ ஆகிவிடுகின்றன.

புகாரைக் கேட்க மறுத்த ஊர், புகார் சொன்னவளையே பேயாக்கும். ஓவிட் சொல்லும் கதையில் மெடூசா, மினர்வாவின் கோயிலில் நெப்டியூனால் சிதைக்கப்பட்டவள். தண்டனை விழுந்தது அவள் கூந்தலில், அது பாம்பானது. நம் பழையனூர் நீலி கணவனால் கொல்லப்பட்டவள். பேயாக வந்து ஊரார்முன் அழுது பழிதீர்த்தாள் என்கிறது கதை. அந்த அழுகையைப் பொய்யழுகைக்குச் சொல்லாக்கி ‘நீலிக்கண்ணீர்’ என்று வைத்துக்கொண்டோம். அவளைக் கொன்றவனின் பெயரில் ஒரு சொல்லும் இல்லை. தமிழ் படித்த நானும் எத்தனையோ வகுப்புகளில் இதற்குப் பொருள் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

எல்லாத் துன்பமும் பிழை அல்ல. தேர்வு கடினம், கவிதை கடினம், முதல் வேலையின் முதல் மாதம் கடினம். அவற்றோடு மோதித்தான் வளர்கிறோம். ஆனால் விதிப்படி நடந்தவளும் அடிபடுகிறாள், அவளைப் போன்றவர்கள் மட்டுமே அடிபடுகிறார்கள் என்றால், அங்கே அவளுக்குத் தைரியம் சொல்வது அநீதிக்குத் துணைபோவது.

1992இல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகப் பன்வாரி தேவி கும்பல் வன்புணர்வுக்கு ஆளானார். குற்றம்சாட்டப்பட்டவர்களை 1995இல் விசாரணை நீதிமன்றம் வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஆனால் அவர் வாய்மூடவில்லை. அந்த வழக்கை ஒட்டி எழுந்ததுதான் 1997இன் விசாகா தீர்ப்பு. அதன் வழியே 2013இல் சட்டம் வந்தது: 10 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் பெண் தலைமையில் உள்ளகக் குழு இருந்தாகவேண்டும். பன்வாரிக்கு நீதி கிடைக்கவில்லை; அவர் சுட்டிய பிழைக்கு மட்டும் பெயர் கிடைத்தது.

எழுதிக் கொடுத்தால் வேலை போகும், படிப்பு நிற்கும் என்ற பயம் பொய்யல்ல. எழுதச்சொல்லி யாரையும் நான் தள்ளுவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒரு பெண் என் அறைக்கு வந்து தயங்கி நின்றால், “நீ ஏன் அங்கே போனாய்?” என்று கேட்பதில்லை. கதவைத் திறந்தே வைத்து, ஒரு வெள்ளைத்தாளை அவள்பக்கம் நகர்த்துகிறேன். நாள், இடம், நடந்தது. சட்டப்படி மூன்று மாதம் இருக்கிறது, யோசித்துக்கொள் என்கிறேன். அழுதால் அழட்டும் என்று காத்திருக்கிறேன். அந்தக் கண்ணீருக்கு நான் பெயர் வைப்பதில்லை.