கோப்பி மலையில் ஒரு பிளேன்டி

ஹல்துமுல்லைக் கடைத்தெருவில் கோப்பி கேட்டுப் பாருங்கள். பொட்டலத் தூளைக் கரைத்துத் தருவார்கள், கொஞ்சம் சங்கடத்தோடு. பிளேன்டி, அதாவது பால் சேர்க்காத வெறும் தேநீர், கேட்டால்தான் கடைக்காரர் நிமிர்கிறார்: "இஞ்சி தட்டிப் போடவா, தம்பி?" சீனி கிளாசுக்குள்ளா, உள்ளங்கையிலா என்பது அடுத்த கேள்வி. சீனியைக் கையில் வாங்கி நக்கிக்கொண்டே வெறும் சாயத்தைக் குடிக்கும் பெரியவர்கள் மலையகத்தில் இன்னும் உண்டு.

இத்தனைக்கும் இது கோப்பி மலை. நம் முன்னோரைக் கடல் தாண்டிக் கூட்டிவந்ததே கோப்பிதான். 1869இல் இதே பதுளை மாவட்டத்து மடூல்சீமையில் இலைத்துரு நோய் கண்டது. இருபது ஆண்டுக்குள் கோப்பி படுத்துவிட்டது. 1890இல் லிப்டன் வந்து, பக்கத்து அப்புத்தளையில் தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கும்போது மலை தேயிலைக்கு மாறியிருந்தது. நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போகும். கொய்தவர் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் தூள்தான் (இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்).

போன முறை கடையில் ஒரு பாட்டி இருந்தார், கொழுந்துக் காம்பின் கறை விரலை விட்டுப் போகாத கை. கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சாயம் பத்தல, தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினார். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. இரண்டாவது கிளாஸுக்கு அவர் காசும் வாங்கவில்லை.