கட்டத்துள் அடங்காதது

என் சகோதரி மகன் எக்செல் தாளைத் திறந்து காட்டினான். நிஃப்டி குறியீட்டின் வார ஆப்ஷன் விலைகள் கட்டங்கட்டமாய் நின்றன. ஓர் எண்ணை மாற்றியதும் இலாப நட்டக் கோடு தானே வளைந்தது. "மாமா, இது சூதன்று, கணக்கு" என்றான்.

கணக்கில் பிழை காண எனக்குத் தகுதியில்லை. 1973-இல் பிளாக், ஷோல்ஸ் இருவரும் வெளியிட்ட சூத்திரம் அதனுள் இயங்குகிறது. ஆனால், கணக்கிடப்படும் பொருள்தான் யாது? விலை சரிந்தாலும் மண்டிக்காரரிடம் நெல் எஞ்சும். குறியீடோ, ஐம்பது பங்குகளின் விலையிலிருந்து பிறக்கும் வெறும் எண். தவணை நாளில் பண வித்தியாசமே கைமாறும். ஒருவர் பெற்றது மற்றவர் இழந்தது. பங்கு வைத்திருப்போர் காப்புக்காக வாங்குவதுண்டு. இவனிடம் ஒரு பங்குமில்லை.

ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992-இலேயே இவ்வொப்பந்தங்கள் கூடா எனத் தீர்மானித்தது: விற்கப்படுவது பணமுமன்று, பயனுமன்று, ஈடு பெறத்தக்க நிதியுரிமையுமன்று என்பது அதன் காரணம்.

எனினும் என்னை உறுத்தியது வேறு. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச்சந்தையின் முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களுள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர், இழந்தது 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என 2024-இல் செபி அறிவித்தது. அவர்களுள் எத்தனை பேர் குடும்பத் தலைவர்களோ!

"உன்னிடம் தோற்பவரின் முகம் எந்தக் கட்டத்தில் தெரியும்?" என்று கேட்டேன்.

அவன் நெடுநேரம் தாளையே பார்த்திருந்தான். மறுநாள் செவ்வாய், தவணை நாள்.