துக்கப்படும் உரிமை

2024 ஆகஸ்டு 23ஆம் நாள் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வீதியில் நடைபாதை திடீரென உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த மாதொருவரை விழுங்கியதை நம் வாசகர் மறந்திரார். ஒன்பது நாள் தேடினர். தீயணைப்புப் படையினர் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்களுள் இறங்கி வெறுங்கையுடன் மீண்டதைப் புடவைக் கடைக்காரரும் பூக்கட்டுவோரும் கண்டனர். அவ்வூழியரின் வாட்டத்தை ஊரார் தம் வாட்டமாகவே கொண்டனர்.

நிற்க. தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்ள முனைந்த ஒருவரை ஆம்புலன்சில் ஏற்றிக் கொணர்ந்தோரும், அவசரப் பிரிவில் இரவெல்லாம் போராடித் தோற்ற தாதியும் வைத்தியரும் விடியலில் வெளியே வருகையில் அவர் முகத்தை எவர் பார்க்கின்றனர்? "சம்பளத்துக்குச் செய்யும் வேலைதானே", "போகப் போகப் பழகிவிடும்", "அவனே வேண்டிக்கொண்ட சாவுக்கு நீ ஏன் அழுகிறாய்?" இம்மூன்றே அவர்க்கு நாம் வழங்கும் ஆறுதல். "தலைவிதி" என்ற நான்காவதும் உண்டு. அது எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைப்பது.

இவற்றுள் மூன்றாவதையே ஈண்டு ஆராய விரும்புகிறோம். அது நியாயம்போல் தோன்றுவது, ஆயினும் பொய். தற்கொலைக்கு முயன்று பிழைத்தோரில் மிகப் பெரும்பாலோர் பின்னர்த் தற்கொலையால் மாள்வதில்லை என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளிற் கண்ட உண்மை. சாகும் எண்ணம் பலர்க்குப் புயல்போல் வந்து கடந்து போவது. அதனைக் கட்டிலருகே நின்று அறிந்தவர் தாதியே. தண்ணீர் கேட்டவரை, பிள்ளையின் பெயரைச் சொன்னவரை, "காப்பாற்றுங்கள்" என்று கையைப் பற்றியவரை அவர் கண்டிருக்கிறார். வேண்டிச் செத்தார் என்று ஊர் சொல்லுகையில், வாழ வேண்டியவர் செத்தார் என்று அவர் அறிவார். ஊர் மறைக்க விரும்பும் உண்மைக்கு அவர் துக்கமே சாட்சி.

தோட்டங்களில் இச்சாட்சியம் இன்னுங் கொடிதாயிருந்தது. தோட்டத்து டிரஸருக்கு வந்தவர் பெயர் தெரியும், லயம் தெரியும். மறுநாட் காலை பெரட்டுக் களத்தில் அவர் தாயின் எதிரே நிற்கவும் வேண்டும். களையழிக்கக் கொடுத்த மருந்தே பல குடும்பங்களை அழித்தது. பாரக்குவாட் என்னும் அக்களைக்கொல்லியை அரசாங்கம் 2002இல் விலக்க முனைந்து, 2006இல் மீண்டும் இடங்கொடுத்து, 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடுத்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாக விலக்கிய இலங்கையிலோ, 1995க்குப் பின் இருபதாண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவிகிதம் குறைந்தது. அங்கே பல உயிர்கள் காக்கப்பட்டன. அங்ஙனமாயின், இங்கே இடைப்பட்ட ஆண்டுகளில் மாண்டோர்க்காக, "இன்னும் பத்து நிமிடம் முந்தியிருந்தால்" என்று உறங்காதிருக்க வேண்டியவர் டிரஸரா, அனுமதிச் சீட்டில் ஒப்பமிட்டவரா?

சட்டமும் சுமையைக் கூட்டியே வந்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்த 309ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர்க்கு ஓராண்டு வரை சிறை விதிக்க இந்நாட்டில் இடமிருந்தது. தாம் மீட்ட உயிரைத் தாதி குற்றவாளியாகவும் காண நேர்ந்தது. இலங்கை 1998இலேயே ஒழித்த அவ்விதியை மலேசியா 2023இல்தான் ஒழித்தது.

அமெரிக்க வைத்தியர் ஆல்பர்ட் வூ, 2000ஆம் ஆண்டில், சிகிச்சைத் தவற்றால் மனமுடையும் வைத்தியரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்றார். அப்பெயரை இவர்க்கும் சூட்டுவோர் உளர். எமக்கு அது முழுதும் பொருந்தவில்லை. தவறிழைத்தவரின் வருத்தம் வேறு, தவறின்றித் தோற்றவரின் வருத்தம் வேறு. முன்னதற்கு விசாரணை உண்டு, முடிவும் உண்டு. பின்னதற்குக் கேட்பாரே இல்லை.

வீட்டிலும் அப்படியே. இரவுப்பணி முடித்து வரும் மகளைச் சாவுத் தீட்டென்று வாசலில் நிறுத்திக் குளிக்கச் சொல்லும் தாய்மார் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் இன்றும் உளர். தலைக்கு ஊற்றிக்கொண்டு வரட்டும், தடையில்லை. பின்னர் அருகமர்ந்து, "ராத்திரி எப்படியம்மா இருந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். சொல்ல மனமில்லையேல் சோற்றை மூடி வைத்துவிட்டு உடனிருக்கலாம். வீட்டாரிடம் சொல்ல இயலாதோர்க்கு, 1970 முதல் இந்நகரில் இயங்கிவரும் பிஃபிரெண்டர்ஸ் சங்கத்தார் 03-76272929 என்ற தொலைபேசியில் இரவிலும் செவிகொடுக்கின்றனர். அழைப்பவர் நோயாளியா தாதியா என்று அவர்கள் கேட்பதில்லை.