பழைய கணக்கு

எல்லாக் கடனும் ஒன்றுபோல் நெஞ்சைச் சுடுவதில்லை. வளப்பூர் நாட்டில் பணியாற்றிய ஆண்டுகளில் நாம் கண்டது இது. மிளகையும் மரவள்ளியையும் காட்டி வணிகரிடம் முன்பணம் பெற்ற கொல்லிமலை உழவர், விளைச்சல் பொய்த்த ஆண்டில் அந்த வணிகரைச் சந்தையில் எதிர்கொள்ளக் கூசுவார். ஆட்டை விற்றேனும் அடைப்பார். அதே மனிதர் வங்கிக் கடனைக் குறித்து அத்துணைக் கூச்சம் கொள்வதில்லை. வங்கிக்கு முகமில்லை. முகமில்லாதவரிடம் பட்ட கடனும் கடன்தானா? இவ்வினாவை நாம் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. ஒரு பெண் நம்மிடம் கொண்டுவந்தாள்.

அவள் வீடு அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருந்தது. 2011ஆம் ஆண்டு கர்நாடகத்தில் செவிலியர் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். அவ்வீட்டிலிருந்து கல்லூரி சென்ற முதல் ஆள். ஆண்டுக்கு 60,000 ரூபாய் வீதம் நான்காண்டுக்கு 2,40,000 ரூபாய் கல்விக்கடன். 4 இலட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. ஆனால் பெற்றோரும் உடன் கடனாளியாக ஒப்பமிட வேண்டும். தந்தைக்கு எழுத்து தெரியாது. படிவத்தோடு நம்மிடம் வந்தார்.

"சாமி, கைநாட்டு வைக்கலாமா?"

"தயங்காம வைங்க. வேலை கிடைச்ச பிறகுதான் கட்டணும்" என்றோம்.

நாம் சொன்னது பொய்யன்று. உண்மையில் பாதி.

இங்கிலாந்தில் மாணவர் வங்கிக் கணக்கிலேயே, இருப்புக்கு மேல் குறிப்பிட்ட தொகையை வட்டியின்றி எடுக்க விடுவார்கள். படிப்பு முடிந்து சில ஆண்டுகளில் அச்சலுகை கழன்றுவிடும். நம் நாட்டில் அதன் இடத்தில் நிற்பது கல்விக்கடன். 2001ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட மாதிரித் திட்டத்தின்படி, படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டு வரையிலும் தவணை கேட்பதில்லை. கேட்பதில்லையே தவிர, வட்டி உறங்குவதில்லை. 12 விழுக்காடு தனிவட்டியில் அவள் பெயரில் ஐந்தாண்டுகளில் ஏறியது 1,00,800 ரூபாய். அந்த மலைவீட்டில் அதுவரை எவரும் ஒருசேரக் கண்டிராத தொகை.

2016இல் அவள் ஓசூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இருந்தாள். ஊதியம் வேறொரு வங்கியில் வந்தது. பழைய மாணவர் கணக்கோ படிப்பு முடிந்ததும் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறி, குறைந்த இருப்பு இல்லையென்று சிறுகச் சிறுகப் பிடித்தம் செய்யப்பட்டு, சுழியத்தில் வந்து நின்றது. (அப்பிடித்தத்தால் மட்டும் கணக்கு சுழியத்துக்குக் கீழே போகலாகாது என்று 2014 நவம்பரில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருந்தது. அந்த மட்டில் நன்று.) கடன் தவணை அந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும்.

"ஃபாதர், அந்தக் கணக்கை அப்படியே விட்டுட்டா என்ன? கூட வேலை செய்யறவங்க பலபேர் அப்படித்தான் விட்டிருக்காங்க. தள்ளுபடி வருமாம்" என்றாள்.

நாம் உடனே கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ளும் தகுதி நமக்கு உண்டா என்பதே ஐயமாயிருந்தது. அவளுடைய ஊதியத்தில் விடுதி வாடகையும் உணவும் போக மிஞ்சியது சொற்பம். இயலாமை நீடிக்கும் வரை கடமை காத்திருக்கும், அழிந்துபோகாது என்று குருமடத்தில் அறநெறி இறையியல் கற்றோம். சரியான விதிதான். ஆயினும் காத்திருக்கும் கடமைக்கும் வட்டி உண்டென்பதை அப்பாடநூல் கணக்கில் கொள்ளவில்லை.

திருச்சபையின் பழைய நினைவு இவ்விடத்தில் வேறாக இருந்தது. 1240ஆம் ஆண்டு லிங்கன் ஆயர் ராபர்ட் குரோஸ்டெஸ்ட், ஆக்ஸ்ஃபோர்டில் ஏழை மாணவர்களுக்காக ஒரு கடன் பெட்டகம் நிறுவினார். அடகுப் பொருள் ஒன்றை வைத்துவிட்டு மாணவன் கடன் பெறுவான்; வட்டி கிடையாது. அடகு பெரும்பாலும் புத்தகம். புத்தகத்தை அடகு வைத்துவிட்டு எதைப் படித்தானோ, அது வேறு கேள்வி. எனினும் படிக்கும் பிள்ளையின் தலையில் காலம் சுமையாக ஏறவில்லை.

வங்கியின் பணம் உண்மையில் எண்ணற்ற எளியோரின் வைப்புத் தொகை என்று அவளுக்கு விளக்க முற்பட்டோம். அவள் முகத்தில் எவ்வித அசைவும் இல்லை. நமக்கே அவ்வாதம் வலுவாகத் தோன்றவில்லை. பிறகுதான் கேட்டோம்: "அறிவிப்புக் கடிதம் யார் வீட்டுக்கு வரும்?"

அவள் நெடுநேரம் பேசவில்லை. அதுவரை மூன்று கடிதங்கள் வந்திருந்தன. எழுத்தறியாத தந்தை அவற்றை நிலப்பட்டாவோடு தகரப்பெட்டியில் மடித்து வைத்திருந்தார், மகளிடம் சொல்லாமலே. முகமில்லாத கடனுக்கு ஒரு முகம் வந்துவிட்டது. அது வங்கியின் முகமன்று.

நம்முடைய பங்கு எஞ்சியிருந்தது. ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்விக் கடனில் அச்சலுகைக் கால வட்டியை நடுவண் அரசே ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்தே நடப்பில் இருந்தது. வருமானச் சான்றை உரிய காலத்தில் அளித்திருக்க வேண்டும். அவர்கள் அளிக்கவில்லை, அளிக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் விசாரிக்க வந்த இடம் நாமாயிற்றே! ஈடுசெய்யும் கடமை யார் யாரைச் சேரும் என்று ஆராயும் புனித தோமா அக்வினாஸ், அறிவுரை தந்தவனையும் பேசவேண்டிய இடத்தில் வாய்மூடி இருந்தவனையும் அப்பட்டியலில் சேர்க்கிறார். அவர் பேசுவது பிறர் பொருளைக் கவர்ந்த குற்றம் பற்றி. இங்கே எவரும் எதையும் கவரவில்லை. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள ஒரு வாரம் முயன்றோம்.

பிறகு அவர்கள் வீட்டுக்கு நடந்தோம். திண்ணையில் அமர்ந்து, அந்த வட்டி அவர்கள்மேல் விழுந்திருக்கவே வேண்டியதில்லை என்பதையும், அதில் நம் பங்கையும் சொன்னோம். தந்தை வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாமி, நீங்க கைநாட்டு வைக்கலையே" என்றார்.

அது ஆறுதலா, குற்றச்சாட்டா என்று இன்றும் நமக்கு விளங்கவில்லை. வட்டியில் பாதியை நாம் ஏற்க முன்வந்தோம். மகள் மறுத்தாள், தந்தை மறுக்கவில்லை. அவர் வழியே சரியென்று நமக்குப் பட்டது. வங்கி தவணைக் காலத்தை நீட்டித் தந்தது. பழைய கணக்கில் மாதந்தோறும் அவள் பணமும் நம் பணமும் சேர்ந்து விழுந்தன.

2024இல் கடன் தீர்ந்தது. நிலுவையில்லாச் சான்றும் அதே தகரப்பெட்டிக்குள் போயிற்று. "அந்தக் கணக்கை இனி மூடிடலாமா சாமி?" என்று தந்தை கேட்டார். கணக்கு முடிப்புப் படிவத்தை வாங்கி, பின்பக்கத்துச் சிறிய எழுத்துவரை படித்துக் காட்டிய பிறகே விடை சொன்னோம்.