எந்த ஊர்?

திருப்பனந்தாளில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் மொய் மேசை. வரிசையில் நின்றவர் தன் முறை வந்ததும் ஐந்நூறு ரூபாயை நீட்டினார். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "எந்த ஊரு?" என்றார்.

இருவரும் ஒரே தெரு, பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. நடுவில் மொய் கொடுக்க வந்தவர் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, திருச்சி மத்திய சிறையில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். "இதே ஊருதான்" என்றார் அவர். பெயரை எழுதிப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். பந்தியிலும் சாப்பிட்டார். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மொய் வாங்கினால் திருப்பிச் செய்தாக வேண்டும். நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்குப் படியேற வேண்டும். எந்த ஊர் என்று கேட்டவருக்கு அந்த நினைப்புதான் உறுத்தியிருக்குமோ?

புழலிலும் கோவையிலும் வேலூரிலும் சிறைத்துறை பெட்ரோல் பங்க் நடத்துகிறது. கைதிகள்தான் பெட்ரோல் போடுகிறார்கள். வண்டியில் வருகிறவர்கள் அவர்கள் கையில் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்; எந்த ஊர் என்று கேட்பதில்லை. முகம் தெரியாதவர்களுக்கு அது எளிது. யார் செத்தார், எந்த வயல் வரப்பில் செத்தார் என்று தெரிந்த ஊருக்குத்தான் கஷ்டம்.

இப்படி ஊர் திரும்புகிறவர்கள் ஒருவர் இருவர் அல்ல. 2008-ல் அண்ணா நூற்றாண்டையொட்டித் தமிழக அரசு 1,400-க்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுதலை செய்தது. வழக்கமான முன்விடுதலை என்றால் நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து விசாரிப்பார். ஆள் திரும்பி வந்தால் தகராறு வருமா என்பதும் அவர் அறிய வேண்டியவற்றில் ஒன்று. வராது என்று ஊர் சொல்லும், அது உண்மையாகவும் இருக்கும். தகராறு வராவிட்டால் போதுமா?

சின்ன வயதில் அப்பாயி என்னைத் திருவிடைமருதூருக்குக் கூட்டிப்போகும். வரகுண பாண்டியன் கதையை அங்கேதான் கேட்டேன். இருட்டில் அவன் குதிரை மிதித்து ஒரு பிராமணர் இறந்துபோக, பிரம்மஹத்தி அவனைப் பிடித்துக்கொண்டது. கிழக்கு வாசல் வழியாக மகாலிங்கசாமி கோயிலுக்குள் நுழைந்தான். அது வெளியே நின்றுவிட்டது. மேற்கு வாசல் வழியாக வெளியேறிப் பிழைத்தான். கிழக்கு வாசலில் அதற்கு இன்றைக்கும் சிலை இருக்கிறது. "வந்த வழியே போகக் கூடாதுய்யா, அது காத்துக்கிட்டு இருக்கு" என்று அப்பாயி என் கையை இறுகப் பிடித்துக்கொள்ளும். எனக்கு ராஜா தப்பித்ததில் சந்தோஷம். குதிரைக் காலடியில் செத்தவருக்கு வீடு, மனைவி, பிள்ளை இருந்ததா என்று நான் கேட்டதில்லை. அப்பாயியும் சொன்னதில்லை.

இப்போது அதுதான் குடைகிறது. ஏனென்றால், மொய் எழுதியவர் செத்துப்போனவருக்குப் பங்காளி என்று அப்புறம்தான் எனக்குச் சொன்னார்கள். அதுவரை அவர்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது. அந்த இரண்டு சொல்லுக்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லையே! இன்னொருவராக இருந்தால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்.

செத்தவரின் மனைவி இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிள்ளைகளை ஆளாக்கினார். தண்டனை முடிந்தவரை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நீதிமன்றம் விதித்ததை அவர் அனுபவித்துவிட்டார். அதற்குமேல் தண்டிக்க ஊருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் மன்னிக்கும் அதிகாரம் ஊருக்கு இருக்கிறதா, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும்தானா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த வீடு கடைசிவரை மன்னிக்காவிட்டால் அவர் எங்கே போவார் என்பதும் தெரியவில்லை.

ஊர்ப் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இப்படி ஒருவர் விடுதலையாகி வரும்போது, முதலில் செத்தவரின் வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். அங்கே என்ன பேசுவது என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆனாலும் போங்கள்.