உபதேசமும் உடனுறைவும்: வன்னிக் கிறிஸ்தவ வாழ்வை முன்வைத்து ஒரு நோக்கு

சமய நம்பிக்கை ஒருவரிடமிருந்து மற்றொருவரைச் சென்றடையும் வழி யாது என்னும் வினா பழமையானது. நூலின் வழியாகவா, பிரசங்கத்தின் வழியாகவா, அன்றி ஒரே அடுப்பில் உலை வைத்து ஒரே கிணற்றில் நீர் அள்ளி வாழும் நெருக்கத்தின் வழியாகவா என்பதே அவ்வினாவின் சாரம். தமிழ் மரபும் இது குறித்துச் சிந்தித்துள்ளது. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கன் ஒழுகவேண்டிய முறையை வகுக்குமிடத்து, குளிர்காய்வோன் தீயைவிட்டு அகலாமலும் அதனை மிக அணுகாமலும் இருப்பதுபோல அவன் ஆசிரியனிடத்து இருத்தல் வேண்டும் என்னும் கருத்தினைத் தருகின்றது. குருவின் இல்லத்திலேயே தங்கிக் கற்றவனுக்கும் இந்த இடைவெளி விதிக்கப்பட்டிருந்தது.

கிறிஸ்தவத்தின் தொடக்கம் இவ்விடைவெளியைக் குறுக்கிய ஒன்றாகத் தோன்றுகின்றது. இயேசு பன்னிருவரைத் தெரிந்துகொண்டமைக்கு மாற்கு எழுதிய சுவிசேஷம் கூறும் முதற் காரணம் அவர்கள் தம்மோடு இருக்கவேண்டும் என்பதே. போதிக்க அனுப்புதல் அதன் பின்னரே கூறப்படுகின்றது. அவருடைய பசியையும், படகில் அயர்ந்து உறங்கும் களைப்பையும், கோபத்தையும், கண்ணீரையும் அவர்கள் கண்டனர். பவுல் கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியரின் வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். அண்மைக்காலத்தில் ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சிக்கு இணங்காத திருச்சபையினருக்காக டீற்றிச் பொன்ஹோபர் பின்கென்வால்டே என்னும் ஊரில் 1935இல் நடத்தத் தொடங்கிய குருமடமும் இவ்வகையினதே. கூடி உண்டு, கூடிச் செபித்து, ஒருவர் குறையை மற்றவர் பொறுத்து வாழ்வதையே அது பாடமாகக் கொண்டது. 1937இல் இரகசியப் பொலிசார் அதனை மூடினர்.

எனினும் இவ்வினாவை ஆராய ஐரோப்பாவுக்குச் செல்லவேண்டியதில்லை. ஈழத்தின் வன்னிப் பெருநிலமே அதற்கு அரியதொரு களமாக உள்ளது.

1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். குருவொருவருக்குப் புகலிடம் அளித்தல் மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது வரையான குடும்பங்கள் தமது மாதா சுரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டினுள் புகுந்து மருதமடுவில் தங்கின என்று மரபு கூறும். குடாநாட்டிலிருந்தும் கிறிஸ்தவர் பலர் காடு புகுந்து அவர்களோடு இணைந்தனர் என்பர். இன்றைய மடுத் திருத்தலத்தின் தொடக்கம் இதுவே. நிர்வாகப் பிரிவில் அது மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், நிலத்தாலும் நினைவாலும் வன்னிக்கே உரியது. யானையும் கரடியும் மலேரியாவும் நிறைந்த அக்காட்டில் குரு இல்லை, பூசை இல்லை, கோயில் என்று சொல்லத்தக்க கட்டடமும் இல்லை. கோவாவிலிருந்து யோசவ்வாஸ் அடிகள் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 1687இல். எனவே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அதாவது ஒரு தலைமுறை முழுவதும், குருவின் சொல் கேளாமலே அந்நம்பிக்கை வளர்ந்திருக்கின்றது. 1658இல் பிறந்த ஒரு குழந்தை, குரு ஒருவரை முதன்முதலிற் காணும்போது தானே பிள்ளைகளைப் பெற்ற தாயாகியிருப்பாள். அவளுக்குச் செபமாலையைக் கற்பித்தவர் யார்? மாலையில் விளக்கேற்றியபின் பாயில் முழந்தாளிட்ட பாட்டியைத் தவிர வேறு எவரும் இருந்திருக்க இயலாது.

இதற்கு நேர்மாறான பரிசோதனையும் அதே காலத்தில், காட்டுக்கு வெளியே நடைபெற்றது. ஒல்லாந்தரிடம் கோயில்கள் இருந்தன, பாடசாலைகள் இருந்தன, சட்டம் இருந்தது. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோர் குற்றப்பணம் செலுத்தினர். திருமணப் பதிவு, உத்தியோகம் ஆகியவற்றுக்குப் புரட்டஸ்தாந்த ஞானஸ்நானம் வாயிலாக இருந்தது. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பல்தேயு பாதிரியார் தமது நூலில் இக்கோயில்களையும் பாடசாலைகளையும் ஊர் ஊராக விவரித்திருக்கின்றார். எண்ணிக்கைகள் பெரியன. ஆயின் 1796இல் ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயங்கள் தளர்ந்ததும் அப்பெருந்தொகையினர் பெரும்பாலும் கலைந்துபோயினர். பதிவேட்டில் இருந்த சமயம் பதிவேட்டோடு போயிற்று. பாயில் இருந்த சமயமோ மடுவில் நிலைத்தது. ஒல்லாந்தப் பாதிரிமார் எல்லோரையும் அக்கறையற்றோர் என்று கூறுவது நியாயமன்று. பல்தேயு தமிழ் கற்க முயன்றவர். குறை மனிதரிடத்தன்று, முறையிடத்தே இருந்தது.

யோசவ்வாஸ் அடிகள் இதனை நன்குணர்ந்தவர். ஒரு குரு எல்லா ஊர்களிலும் இருத்தல் இயலாது என்பதால் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் அமைத்தார். இவர்கள் குருத்துவம் பெற்றவரல்லர். உழுது உண்ணும், மீன் பிடிக்கும் ஊர்மக்களே. மூப்பர் கோயிலையும் கூட்டத்தையும் பார்த்துக்கொள்வார். அண்ணாவியார் செபங்களைச் சொல்லிக்கொடுத்து வழிபாட்டை நடத்துவார். 'அண்ணாவி' என்னும் சொல்லையும் இங்கே கவனித்தல் தகும். திண்ணைப் பள்ளியில் எழுத்தறிவித்தவரும் அண்ணாவி. கூத்துப் பழக்குபவரும் அண்ணாவி. கோயிலிற் செபம் சொல்லுபவரும் அண்ணாவி. கற்பித்தல் அனைத்துக்கும் ஒரே பெயர் வழங்கிய சமூகத்தில், சமயம் மட்டும் தனிப் பாடமாகப் பிரிந்து நிற்கவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த 'எண்டிறீக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்' முதலிய கத்தோலிக்க நாடகங்கள் மன்னார்ப் பகுதியில் இவ்வழியே வாழ்ந்தவை. மாதக்கணக்காக இரவில் ஒன்றுகூடிப் பழகும் இளைஞன் புனிதரின் கதையை மட்டுமா கற்கின்றான்? அண்ணாவியாரின் பொறுமையையும், அடவு பிழைத்தவனை அவர் திருத்தும் விதத்தையும், பழக்கம் முடிந்தபின் எல்லோரும் சுற்றியிருந்து குடிக்கும் தேநீரையும் சேர்த்தே கற்கின்றான். மடுத் திருவிழாவும் அவ்வாறே. யூலையிலும் ஓகஸ்ற்றிலும் மரநிழலிற் கொட்டில் அமைத்து நாட்கணக்காகத் தங்கும் குடும்பங்கள் அங்கே சமைத்து, நீர் சுமந்து, அயற்கொட்டிலின் நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கின்றன. பிரசங்கம் காதில் விழாத பிள்ளைக்கும் அங்கே ஏதோ ஒன்று பதிகின்றது.

இதுவரை கூறியன உடனுறைவின் புகழ்ச்சியாகவே அமைந்தன. ஆனால் அறவியல் நோக்கிற் சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது. ஒருவரோடு உண்டு உறங்கி வாழ்வதால் அவர் உள்ளம் நெகிழும் என்பது உண்மையாயின், அந்நெகிழ்ச்சியைக் கருதியே உடன்வாழ்தல் அறமாகுமா? நட்பு ஒரு கருவியாக மாறும்போது அது நட்பாக எஞ்சுமா?

வன்னிக்கு வடக்கே, குடாநாட்டில், அமெரிக்க மிஷனரிமார் இவ்வினாவை நடைமுறையிற் சந்தித்தனர். பிள்ளைகளைத் தம்மோடு தங்கவைத்துக் கற்பித்தலே சிறந்தது என்று கருதி அவர்கள் விடுதிப் பாடசாலைகளை நிறுவினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் எழுந்தன. ஆரம்பத்தில் மாணவர் சாதியாசாரம் கருதி மிஷன் வளவினுள் உண்ண மறுத்தனர். உணவு வெளியே ஏற்பாடாயிற்று. ஒரே கூரையின் கீழ்ப் படிக்க முடிந்தவர்களுக்கு ஒரே கூரையின் கீழ் உண்ண முடியவில்லை. பின்னர் அத்தடை தளர்ந்தது. ஆயினும் உணவும் உடையும் கல்வியும் ஒரு தரப்பே வழங்க, மறுதரப்பு பெற்றுக்கொண்டிருந்த அவ்வாழ்வு எவ்வளவு தூரம் 'பகிர்ந்த வாழ்வு' என்பது ஐயத்திற்குரியது. 1855இல் செமினரி மூடப்பட்டபோது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, அங்கு கற்றோர் சமயப் பணியைவிட உத்தியோகத்தையே நாடினர் என்பதாகும். மாணவர் மீது குற்றமில்லை; வழங்கப்பட்டவற்றுள் தமக்கு வேண்டியதை அவர்கள் எடுத்துக்கொண்டனர்.

இவ்விடத்து ஆறுமுக நாவலரையும் பேர்சிவல் பாதிரியாரையும் எண்ணாதிருத்தல் இயலாது. வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த நாவலர், பைபிள் மொழிபெயர்ப்பில் ஆண்டுக்கணக்காகப் பேர்சிவலோடு நாள்தோறும் அமர்ந்து உழைத்தார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1848இல், நாவலர் மிஷனை நீங்கி வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிரசங்கம், அச்சு, பாடசாலை என்னும் மிஷனரிமாரின் கருவிகள் மூன்றும் சைவத்துக்குரியவாயின. கிறிஸ்தவ நோக்கில் இதனைத் தோல்வி என்பார் உளர். அது பொருத்தமான மதிப்பீடன்று. உடனிருந்தவன் தன் வழியே செல்லும் உரிமையோடு இருந்தான் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேறில்லை. நாவலரை மதம் மாற்றியே தீருவது என்று பேர்சிவல் நின்றிருப்பாராயின், அவ்வுழைப்பு ஒருநாளும் நீடித்திராது.

உடனுறைவு தன்னிடத்தே ஒரு காவலையும் கொண்டுள்ளது என்பது பலர் கவனியாத செய்தி. மேடையில் நிற்பவர் தம் குறையை மறைத்துக்கொள்ளலாம். ஒரே முற்றத்தில் வாழ்பவர் மறைக்க இயலாது. பேரப்பிள்ளை பாட்டியின் செபமாலையை அறியுமளவுக்கு அவளுடைய வேலிச் சண்டையையும் அறியும். மூப்பர் பக்தியுள்ளவர் என்பதும், கூலி கொடுக்கும்போது கை குறுகுபவர் என்பதும் ஊருக்கு ஒருங்கே தெரியும். ஈழத்துக் கோயில்கள் சிலவற்றில் சாதிக்கேற்ப இடம் ஒதுக்கப்பட்டமையும் இவ்வழியேதான் அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கப்பட்டது. அதை எந்த ஞானோபதேச நூலும் கற்பிக்கவில்லை. ஆகவே உடனுறைவு நல்லதை மட்டும் கடத்தும் வாய்க்காலன்று. ஆயின் குறையைக் காண்பவனுக்கு மறுக்கும் வாய்ப்பும் உண்டு. எட்டி நின்று வணங்கச் செய்யப்பட்டவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. நன்னூல் விதித்த இடைவெளி ஆசிரியனின் மதிப்பைக் காத்தது. இடைவெளியற்ற வாழ்வு மாணாக்கனின் தீர்ப்பைக் காக்கின்றது எனலாம்.

இத்தீர்ப்புரிமை பசியின்முன் நிற்குமா என்பதே எஞ்சிய வினா. 2009இல் போர் முடிந்தபின் வன்னி மக்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அம்முகாம் 2012இலேயே முற்றாக மூடப்பட்டது. ஊர் திரும்பியோருக்கு வீடு இல்லை, மாடு இல்லை, பல குடும்பங்களில் ஆண்துணையும் இல்லை. தகரக் கொட்டில்களுக்கு உதவியோடு வந்தோருள் சிற்சில சபையினர் செபத்தையும் சேர்த்தே கொண்டுவந்தனர் என்னும் குறை சைவரிடையே எழுந்தது; பழைய திருச்சபைகளுக்குள்ளும் எழுந்தது. வந்தவர் அனைவரும் அத்தகையர் அல்லர். தையல் இயந்திரம் கொடுத்துவிட்டு எதுவும் கேளாமற் சென்றோரும் உளர். ஆனால் ஒன்றை வரையறுத்துக் கூறலாம்: கொடுப்பவர் மாலையில் வாகனத்தில் ஏறித் திரும்பிச் செல்லக்கூடியவராயின் அது உதவியாகலாம், உபதேசமாகவும் ஆகலாம்; உடனுறைவு ஆகாது. பெறுபவரிடமிருந்து தாமும் ஒன்றைப் பெறவேண்டிய நிலை, அது ஒரு குவளை நீரேயாயினும், கொடுப்பவருக்கு இருத்தல் வேண்டும். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலிற் கேட்டது தண்ணீர் என்பதை யோவான் பதிவு செய்திருப்பது பொருளற்றதன்று.

திரும்பிச் செல்லாதவர்களும் வன்னியில் இருந்தனர். 2009ஆம் ஆண்டு தொடக்கத்திற் கிளிநொச்சி வீழ்ந்தபின் மக்கள் கிழக்கே கிழக்கே நகர்ந்து முள்ளிவாய்க்காலின் ஒடுங்கிய கரையில் நெருங்கியபோது, கத்தோலிக்கக் குருமார் சிலரும் துறவியர் சிலரும் அவர்களோடு நகர்ந்தனர். உருத்திரபுரத்துப் பங்குக் குருவாக இருந்த அருட்தந்தை சரத்ஜீவன் அவர்களுள் ஒருவர். இறுதிவரை மக்களோடிருந்து, 2009 மே 18ஆம் நாள், வெளியே வந்த நிலையில் மாரடைப்பால் இறந்தார். அதே நாளில் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், வட்டுவாகலிற் சரணடைந்தோருடன் பேருந்தில் ஏறினார். அதன்பின் அவரைக் கண்டோர் இல்லை. பதுங்குகுழியில் சைவன் எவன், கிறிஸ்தவன் எவன், வழிகாட்டுபவர் யார், வழிகாட்டப்படுபவர் யார் என்று பிரித்தறிய இடமிருந்ததில்லை. அரிசி அருகிக் கஞ்சியே உணவானபோது, அக்கஞ்சியே அனைவருக்கும் பொது. அங்கே நம்பிக்கை வளர்ந்ததா, தேய்ந்ததா? இரண்டுமே நிகழ்ந்திருக்கும். மாதாவை அழைத்தும் பிள்ளையைப் பறிகொடுத்தோர் அதன்பின் செபமாலையைத் தொடாமற் போயிருப்பின், அவர்களை நோக்கி விரல் நீட்டும் தகுதி வெளியிலிருந்தோர்க்கு இல்லை.

2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் அமர்ந்தனர். ஒரு சில நாட்களுக்கென எண்ணப்பட்ட அவ்விருப்பு ஆண்டுகளாக நீண்டது. விபூதி தரித்த தாய்மாரும் கழுத்திற் சிலுவை அணிந்த தாய்மாரும் ஒரே பந்தலின் கீழ், தத்தம் பிள்ளையின் படத்தை மடியில் வைத்திருந்தனர். மதிய வெயிலில் ஒருத்தி மயங்கினால் அருகிலிருப்பவள் நீர் தெளித்தாள்.